அரசின் புதிய வாசலில் நம் தமிழுக்கும் இடம் வேண்டும்

(ஆரியசாலையில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்து, பாத்திரம் தேய்த்து, பூவும் காயும் விற்றுக் களைத்துப்போன நிலையிலும் இந்த இரவில் இங்கே வந்திருக்கிறீர்கள். ஒரே ஒரு செய்தியைத்தான் பேச வந்திருக்கிறோம்.

அரசாங்கம் இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 2023இல் கேரளத்தில் கே-ஃபோன் இணையத் திட்டம் தொடங்கப்பட்டது. ஏழை வீடுகளுக்கு இலவச இணைப்பு என்பது அதில் ஓர் அம்சம். 2025 ஆகஸ்டில், முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கேரளத்தை முதலமைச்சர் அறிவித்தார். நல்ல காரியங்கள்தாம். கையூட்டுக் கேட்பவன் முகத்தில் விழிக்காமலே காரியம் நடக்கும் என்றால் யாருக்குக் கசக்கும்?

ஆனால் நம் தெருத் தாயார் ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. மலையாளம் பேசுவார், எழுத்து தெரியாது. உதவித்தொகைக்கு ஓர் அலுவலகத்துக்குப் போனார். "ஆன்லைனில் கொடுங்கள்" என்றார்கள். கூலியில் பாதியைக் கொடுத்து ஒரு கடையில் மனுவைப் பதிந்தார். ஓடிபி எண் ஊரிலிருக்கும் மருமகனின் கைப்பேசிக்குப் போயிற்று. "இன்னொரு சான்று இணைக்கவும்" என்று வந்த செய்தியும் அங்கேயே போயிற்று. அந்த எழுத்தைப் படிக்க மருமகனுக்கும் தெரியாது. தவணை முடிந்தது, மனு தள்ளுபடியாயிற்று. மூன்று மாதம் கழித்துத்தான் அந்த அம்மாவுக்கு விவரம் தெரிந்தது.

இதில் யார் குற்றவாளி? அந்த அம்மாவா?

தோழர்களே, நாம் பிச்சை கேட்கவில்லை. எந்த ஒருவரும் தம் குறையை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனுவாகத் தரலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு சொல்கிறது. 1956இல் எல்லை பிரிந்து, குமரி மாவட்டம் அந்தப் பக்கம் போக, இந்நகரத் தமிழர் சிறுபான்மையினர் ஆனோம். 1969இல் கேரளம் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் தலைமைச் செயலகத்துக்குத் தம் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அம்மொழியிலேயே வரவேண்டும் என்று வகுத்தது. காகிதத்தில் கிடைத்த அந்த உரிமை கணினித் திரைக்கும் வரவேண்டாமா?

மனு மட்டுமல்ல, சட்டம் எழுதுமுன் மக்கள் கருத்தைக் கேட்பதும் இப்போது இணையத்தில்தான். 2020இல் ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை வெளியிட்டது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே! கடலோர மீனவரும் வயல் உழவரும் படிக்காமல் எப்படிக் கருத்துச் சொல்வது? வழக்கு நடந்தது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் பெயர்க்க வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. கருத்துச் சொல்லும் தவணையையும் நீட்டியது. அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. கேட்டதால்தான் கிடைத்தது.

அமைப்புசாராத் தொழிலாளர் பதிவுக்காக 2021இல் வந்த இ-ஷ்ரம் தளமும் 2025இல் 22 மொழிகளுக்கு விரிந்தது. ஆகவே "முடியாது" என்று இனி எந்த அதிகாரியும் சொல்ல முடியாது.

மொழி மட்டும் போதுமா? போதாது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அதிகாரி உதவவேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவருக்குக் கட்டணமும் இல்லை. 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேராவது தெரு வியாபாரிகளாக இருக்கவேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்கவேண்டும் என்கிறது. எளியவரையும் உட்காரவைத்துப் பேசும் வழி இதுதான். திரை வந்ததற்காக நாற்காலியை எடுத்துவிடக் கூடாது.

ஒன்று சொல்லிவிடுகிறோம். மலையாளம் படிக்க மாட்டோம் என்பது நம் வாதமல்ல. சோறு போடும் மண்ணின் மொழியை நம் பிள்ளைகள் படிக்கட்டும். நமக்கு மட்டும் கேட்கவும் இல்லை. வங்காளத்திலும் அசாமிலுமிருந்து வந்து நம்மோடு சுமை தூக்கும் தோழனும் இதே வாசலில்தான் நிற்கிறான்.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன?

ஞாயிறுதோறும் நம் இளைஞர்கள் சங்க அறையில் அமர்ந்து, வந்த செய்திகளைத் தமிழில் படித்துச் சொல்லட்டும். மனு போட்டவர் எதிரிலேயே எல்லாம் நடக்கவேண்டும். யாருடைய ஓடிபி எண்ணையும் ஆதார் நகலையும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு மனுவின் எண்ணையும் நாளையும் நோட்டில் எழுதிவைப்போம். படிவமும் பதில் செய்தியும் தமிழிலும் வேண்டும், வாயால் சொல்லும் குறையையும் பதியும் ஆள் அலுவலகத்தில் வேண்டும் என்று வீட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கி, தமிழிலேயே கூட்டு மனு கொடுப்போம். தமிழிலேயே பதில் கேட்போம். வார்டுக் கூட்டங்களுக்கு நம் பெண்களை முன்வரிசையில் அனுப்புவோம்.

அந்தத் தாயாரின் மனுவை மறுபடி பதிந்திருக்கிறோம். இம்முறை அதன் எண் சங்க நோட்டின் முதல் வரியில் இருக்கிறது. அடுத்த வரி உங்களுடையதாக இருக்கட்டும்.