கஞ்சிராவுக்கு இடம் விட்ட பேஸ் கிடார்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கீங்க, தொழில் வாய்ப்புகள் பத்திப் பேசுங்க சார்" என்றுதான் செயலாளர் என்னை அழைத்தார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் நாலைந்து பேர் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் நம் கல்லூரி இசைக்குழுவில் பேஸ் கிடார் வாசித்தவன். ஆகவே ஒரு பேஸ் கிடார்க்காரரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "அவரை இங்க யாருக்கு சார் தெரியும்?" என்றார். அதனால்தான் பேசணும் என்றேன்.

பேஸ் வாசிப்பவனை யாருக்கும் தெரியாது என்பது உலக வழக்கம். திருமுல்லைவாயல், கொரட்டூர், பட்டாபிராம் பக்கம் கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளில் பாடகருக்கு மாலை, கீபோர்டுக்குக் கைதட்டல். டிரம்ஸ் ஓரமாக நிற்கிற ஆளை வேன் டிரைவர் என்று நினைத்தவர்கள் உண்டு! இளையராஜா பாடல்களின் பேஸ் வரியை அப்படியே முணுமுணுக்கிற ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதை அவர் குழுவில் நெடுங்காலம் வாசித்த சசிதரனின் பெயரைக் கேட்டால் "யாரு?" என்பார்கள். எங்கள் தொழிற்சாலையில் கம்ப்ரசர் ஓடுகிற வரை அதன் சத்தம் ஒருவர் காதிலும் விழாது. நின்றால் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். பேஸும் அப்படித்தான்.

நான் சொல்ல வந்தவர் ஜோனஸ் ஹெல்போர்க். ஸ்வீடன் நாட்டுக்காரர். 1958இல் கோதன்பர்க் நகரில் பிறந்தவர். 1981இல் ஸ்விட்சர்லாந்தின் மோன்ட்ரோ ஜாஸ் விழாவில் துணைக்கு ஒருவரும் இல்லாமல், பேஸ் கிடாரை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தார். அடிக்கோடு மட்டும் போடுகிற கருவியை வைத்துத் தனிக் கச்சேரியா என்று கேட்பீர்கள். கட்டைவிரலால் கம்பியை அடிப்பது, இரண்டு கை விரல்களாலும் தட்டுவது, பேஸிலேயே கார்டு பிடிப்பது என்று அந்த வித்தையெல்லாம் அப்போதே அவர் கையில் இருந்தது. 1984இல் ஜான் மெக்லாலின் தம் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவை மறுபடி தொடங்கியபோது ஹெல்போர்க்கைச் சேர்த்துக்கொண்டார். இரட்டைக் கழுத்து கொண்ட பேஸ் கிடாரை மாட்டிக்கொண்டு வாசித்த காலம் அது. வேகம், சத்தம் இரண்டுக்கும் குறைவில்லை. சுத்த ஜாஸ் ரசிகர்கள் இவரைத் தங்கள் பந்தியில் உட்கார வைக்கத் தயங்குவார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

எனக்குப் பிடித்தது அதன் பிறகு நடந்ததுதான். 1991இல் 'தி வேர்ட்' என்ற இசைத்தட்டில் டோனி வில்லியம்ஸின் டிரம்ஸோடும் வயலின் வகைக் கருவிகளோடும் வாசித்தார். 1994இல் 'ஆர்ஸ் மோரியெண்டே'. அதில் கிளென் வெலஸ், வட்டச் சட்டத்தில் தோல் கட்டி விரலால் வாசிக்கும் பறைகளை வாசிக்கிறார். நம் கஞ்சிராவுக்குப் பெரியப்பா மகன் மாதிரி. ஹெல்போர்க் கையில் மின்சாரக் கிடார் இல்லை, மரப்பெட்டி வைத்த அக்கூஸ்டிக் பேஸ். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு தோல் வாத்தியத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

2000இல் 'குட் பீப்பிள் இன் டைம்ஸ் ஆஃப் ஈவில்' என்ற இசைத்தட்டு வெளிவந்தது. அதில் மூன்றே பேர். ஹெல்போர்க், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகர கிடார் மேதை ஷான் லேன், மூன்றாவதாக நம்ம சென்னை வி. செல்வகணேஷ், கஞ்சிரா. கடம் விநாயக்ராமின் மகன். 'வெண்ணிலா கபடி குழு' (2009) படத்துக்கு இசையமைத்தவர் என்றால் தம்பிகளுக்குச் சட்டென்று புரியும். பிறகு வந்த 'ஐகான்' இசைத்தட்டில் அவர் சகோதரர்கள் உமாசங்கரும் உமாமகேஷும் சேர்ந்துகொண்டார்கள்.

இங்கேதான் சிக்கல். ஜாஸில் பேஸ்காரனுக்கு இரண்டு வேலை. இப்போது எந்த கார்டு ஓடுகிறது என்று சொல்ல வேண்டும். தாளத்தின் முதல் அடி எங்கே விழுகிறது என்று சொல்ல வேண்டும். ஒரு அளவுக்கு நாலு ஸ்வரம் வீதம் படியிறங்குகிற மாதிரி நடந்துகொண்டே இருப்பான். நம் கர்நாடக இசையில் கார்டே கிடையாது. ஆதாரமாகத் தம்புரா இருக்கிறது. தாளம் எங்கே என்று சொல்ல ஆள் வேண்டாம், முன்வரிசை மாமாவே தொடையில் போட்டுக்கொண்டிருப்பார். ஆக, இரண்டு வேலையும் போச்சு! மெக்லாலினுடைய சக்தி குழுவின் முதல் இசைத்தட்டு 1976இல் வந்தது. கிடார், வயலின், தபலா, கடம், மிருதங்கம் எல்லாம் உண்டு. பேஸ் கிடையாது. அந்த மெக்லாலினிடம் பேஸ் வாசித்தவர், பேஸுக்கு இடமே இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.

போதாததற்கு இன்னொன்று. கஞ்சிரா பார்ப்பதற்குச் சின்னது, தட்டு அளவுதான். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து பெருமை சேர்த்த வாத்தியம். அந்தக் காலத்தில் உடும்புத் தோல். இன்று உடும்பு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம், ஆட்டுத்தோலும் பயன்படுகிறது. தோலின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தடவிவிட்டு வாசித்தால் அந்தச் சின்ன வட்டத்திலிருந்து 'கும்' என்று ஒரு நாதம் எழும்பும். சட்டத்தைப் பிடித்த கையின் விரலால் தோலை அழுத்த அழுத்த அது வளைந்து ஏறும், இறங்கும். அதாவது கஞ்சிராவே ஒரு பேஸ்! கீழ் ஸ்தாயியில் பேஸ் கிடாரும் விடாமல் வாசித்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

ஹெல்போர்க் என்ன செய்தார் என்பதை அந்த இசைத்தட்டைக் கேட்டால் தெரிந்துகொள்ளலாம். தம்புரா மாதிரி ஒரு கம்பியை ஒலிக்கவிட்டு, மேல் கம்பிகளில் ராகம் மாதிரி ஒன்றைப் பாட வைக்கிறார். சில இடங்களில் கார்டை மெல்ல விரித்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொள்கிறார். செல்வகணேஷின் கும்காரம் வருகிற இடத்தில் பேஸ் மேலே போய்விடும், இல்லையென்றால் பேசாமல் இருக்கும். பிறகு ஒரு தாளக்கட்டு வரும்போது மூன்று பேரும் ஒரே சொல்லை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார்கள். என் காதுக்கு அந்த மௌனங்கள்தான் அவருடைய பாணி. வேகமாக வாசிக்க அவருக்குத் தெரியும் என்பதை 1981லேயே காட்டிவிட்டாரே!

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் நம் வித்வானைப் பக்கத்தில் உட்காரவைத்து, தனக்குத் தாளம் போட வைத்துவிட்டு அதற்கு ஃப்யூஷன் என்று பெயர் சூட்டிய கதை நிறைய உண்டு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஹெல்போர்க் விஷயத்தில் அப்படி இல்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம், அவர் ஒரே தட்டோடு கிளம்பிப் போய்விடவில்லை. ஷான் லேன் 2003இல், நாற்பதே வயதில் காலமானார். அதன் பிறகும் 'காளிஸ் சன்' (2006) இசைத்தட்டில் சிதார் கலைஞர் நீலாத்ரி குமாரோடும் செல்வகணேஷோடும் சேர்ந்தார். 2007இல் மெட்டல் இசைக்காரர்களோடு 'ஆர்ட் மெட்டல்' செய்தபோதும் கஞ்சிராவைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார்.

இதையெல்லாம் ஏன் இங்கே பேசுகிறேன்? இந்த வருஷம் நம் கல்லூரிக் குழுவில் பேஸ் கிடார் இல்லை என்று கேள்விப்பட்டேன். "கீபோர்டுல இடது கையிலேயே போட்டுக்கலாம் அங்கிள், லேப்டாப்புல லூப்பும் இருக்கு" என்று ஒரு தம்பி சொன்னார். போட்டுக்கலாம், தப்பில்லை. எத்தனையோ கச்சேரிகள் அப்படி நடக்கின்றன. ஆனால் லூப்புக்கு ஒன்று வராது தம்பி. எதிரில் இருப்பவன் மூச்சு வாங்குகிறான், இந்த இடத்தில் நாம் நிறுத்துவோம் என்று அதற்குத் தெரியாது.

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கலில் கஞ்சிரா கற்றுக்கொள்கிற ஒரு மாணவி இருக்கிறார் என்று இப்போதுதான் பேராசிரியர் சொன்னார். ஒரு யோசனை. சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, அந்தத் தங்கை பத்து நிமிஷம் ஆதி தாளத்தில் வாசிக்கட்டும். எதிரே பேஸ் கிடாரோடு ஒருவர் உட்கார்ந்து ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் வாசிக்கட்டும், வேறு ஒன்றும் வேண்டாம். எங்கே வாசிக்கிறோம் என்பதைவிட எங்கே விடுகிறோம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் பழைய பேஸ் கிடாரை எடுத்து வந்து மியூசிக் ரூமில் வைத்திருக்கிறேன். நாலு கம்பியும் புதுசு. சாவி அலுவலகத்தில் இருக்கிறது. யார் வாங்கிக்கொள்கிறீர்கள்?