மூன்றாவது வரியில் ஒரு மௌனம்

பள்ளிப் பேச்சுப் போட்டி என்றால் இந்தக் காட்சி நிச்சயம். "நடுவர் அவர்களே, அவையோரே" கணீரென்று வரும். மூன்றாவது வரியில் மௌனம். மாணவி கூரையைப் பார்ப்பாள். தமிழாசிரியை கீழே இருந்து வாயசைப்பார். அதற்குள் மணி அடித்துவிடும்.

மறந்தது விஷயம் அல்ல, வரி. மனப்பாடம் பூச்சரம் மாதிரி. நூல் அறுந்தால் மொத்தமும் உதிரும். விஷயம் மனதில் இருந்தால் வேறு வார்த்தையில் தொடரலாம்.

புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு முன்னோடி உண்டு. 1887இல் திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்தவர். பின்னாளில் டில்லி மத்திய சட்டசபையில் முழங்கினார். சட்டசபையில் குறுக்குக் கேள்வி வரும். எழுதிவைத்த வரி அங்கே கைகொடுக்குமா? விஷயம்தான் கைகொடுக்கும்.

போட்டிக்குப் போகும் பிள்ளையிடம் தாளை வாங்கிவிட்டு, "அத்தைக்குக் கதை சொல்ற மாதிரி சொல்லு" என்று இன்று கேட்டுப் பாருங்களேன்.