விஷம் முறிவது மந்திரத்தாலா?



பூச்சி மருந்து தெளிப்பவன் வாயில் நுரை தள்ளி, கண்மணி சுருங்கி, மூச்சுத் திணறி விழுந்தால், சிலர் விபூதி தேடுகிறார்கள். சிலர் சாணியைக் கரைத்து ஊற்றுகிறார்கள். நடப்பது என்னவென்று யோசித்தார்களா?

நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்புவது அசிட்டைல்கோலின் என்னும் வஸ்துவைக் கொண்டு. கட்டளை சேர்ந்ததும் அதைச் சிதைத்துவிட ஒரு நொதி உண்டு. குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் விஷங்கள் அந்த நொதியை அடைத்து விடுகின்றன. பிறகு கட்டளை ஓய்வதில்லை. மூச்சுத் தசைதான் ஓய்ந்து போகிறது. இதில் பேய் எங்கே? விதி எங்கே?

1955-ல் அமெரிக்காவில் வில்ஸன், கின்ஸ்பர்க் என்ற இருவர் பிராலிடாக்ஸைம் என்னும் சிறு மருந்தைக் கண்டார்கள். அது நொதியில் ஒட்டிய விஷத்தைப் பெயர்த்துக்கொண்டு போகிறது. நொதி மறுபடி வேலை செய்கிறது. ஆனால் காலம் கடந்தால் அடைப்பு இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் திறக்காது. சில விஷங்களுக்குச் சில மணி நேரமே கெடு. சோமன் என்ற யுத்த விஷத்திற்கோ சில நிமிஷங்களே!

இம்மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மராட்டிய நாட்டுப் பாராமதியில் நடந்து 2006-ல் வெளியான பரீட்சையில் அது பலன் தந்தது. 2009-ல் வெளியான இலங்கைப் பரீட்சையில் சாவு குறையவில்லை. அதனால் அட்ரோபினும், மூச்சுக்குத் துணை செய்வதுமே இன்றும் முதற் சிகிச்சை. வைத்தியன் தன் மருந்தையே சந்தேகித்துச் சோதிக்கிறான். எந்த மந்திரவாதி தன் மந்திரத்தைச் சோதித்தான்?

ஆகையால், நனைந்த துணியைக் களையுங்கள். உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுங்கள். பூசாரி வீட்டில் போகும் ஒரு மணி நேரம் ஓர் உயிரின் விலை, தோழர்களே!