வைத்தியசாலையில் தாதி, சபையில் அக்கா

(சபையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அந்நிய நாட்டில் வேலை செய்யும் விசுவாசி" என்பதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அது பெரிய தலைப்பு. அதிலே ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் தாதியாகவோ ஆசிரியராகவோ வேலை செய்யும் நம்மவர்கள் தங்கள் வேலைக்கும் சொந்தபந்தங்களுக்கும் நடுவே ஒரு எல்லையை வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த எல்லை பல நேரங்களில் நம்முடைய ஆட்களுக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. "அவ இப்ப பெரிய ஆள், கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டா" என்று நம் சபைத் தாதிகள் ஒவ்வொருவரையும் பற்றி யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலிலேயே ஒன்று. நான் பார்த்த எந்த நோயாளியின் கதையையும் இங்கே சொல்ல மாட்டேன். பெயரை மாற்றிச் சொல்லலாமே என்பீர்கள். நம் சமூகம் சின்னது. பெயரை மாற்றினாலும், வயதையும் ஊரையும் வைத்து, கூட்டம் முடிவதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்தத் திறமை உங்களுக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். ஆகவே எந்தத் தமிழ்த் தாதிக்கும் நடக்கக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஊரிலே வைத்தியசாலையில் ஒருவர் படுத்திருந்தால் அது ஊருக்கே தெரியும். பார்க்க வருகிறவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, என்ன வருத்தம், டொக்டர் என்ன சொன்னார், எத்தனை ஊசி என்று எல்லாம் கேட்பார்கள். அதிலே அன்பு இருந்தது, மறுக்க மாட்டேன். பாணும் பழமும் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். இங்கே நான் தாதியர் படிப்புப் படித்தபோது முதல் வாரங்களிலேயே வேறொரு முறையைச் சொல்லித்தந்தார்கள். நோயாளியின் விபரம் நோயாளிக்குச் சொந்தம். அவர் விரும்பினால் மனைவிக்குச் சொல்லலாம், விரும்பாவிட்டால் மனைவிக்கும் சொல்ல முடியாது. தாதியர் மருத்துவிச்சியர் பேரவை வைத்திருக்கும் நடத்தைக் கோவை, 2015இல் வந்து 2018இல் திருத்தப்பட்டது, இதைத் தெளிவாகச் சொல்கிறது. நம்மிடம் சிகிச்சை பெறுகிறவர்களோடும், முன்பு பெற்றவர்களோடும், அவர்களுடைய குடும்பத்தாரோடும் எந்நேரமும் தொழிலுக்குரிய எல்லையைக் காக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. "முன்பு பெற்றவர்கள்" என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்குப் போனபின்பும், அடுத்த ஞாயிறு பக்கத்து வாங்கில் உட்கார்ந்தாலும், அந்த எல்லை முடிவதில்லை.

இதற்காக நான் முறைவைத்து அழைப்பதை விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே நோயாளியை எப்படி அழைப்பது என்று அவரிடமே கேட்க வேண்டும். தமிழ் மூதாட்டி ஒருவரிடம் கேட்டால் "அம்மா என்று கூப்பிடு பிள்ளை" என்பார். கூப்பிடுகிறேன். கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் கதைக்கிறேன். அதற்கெல்லாம் தடையில்லை.

சிக்கல் தொலைபேசியில் வருகிறது. அதிலும் கலியாணப் பேச்சு நடக்கும்போது வருகிறது. "தங்கச்சி, இன்னாருடைய மகளை எங்கட பெடியனுக்குப் பார்க்கிறம். அந்தப் பிள்ளை உங்கட வைத்தியசாலைக்கு வந்து போனதாம். ஏதேனும் வருத்தம் இருக்கோ? நீர் ஒன்றும் சொல்ல வேண்டாம், இருக்கோ இல்லையோ என்று மட்டும் சொல்லும்." கேட்கிறவர் கெட்டவர் அல்ல. மகனுடைய வாழ்க்கையை நினைத்துக் கேட்கிறார்.

இதற்கு எனக்கு ஒரே பதில்தான் உண்டு: "அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது அன்ரி." பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லாவிட்டாலும் இதே பதில்தான். அந்தப் பிள்ளை எங்கள் வாட்டுக்கே வராவிட்டாலும் இதே பதில்தான். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். வருத்தம் இல்லாத ஒன்பது பேரைப் பற்றி "ஒன்றுமில்லை, பயப்படாதையுங்கோ" என்று சொல்லிவிட்டு, பத்தாவது பிள்ளையைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் "சொல்ல முடியாது" என்றால், அந்த மௌனமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். அந்தப் பத்தாவது பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமானால் மற்ற ஒன்பது பேரைப் பற்றியும் நான் வாயைத் திறக்கக் கூடாது. இதை விளங்கிக்கொண்டால் நம்முடைய தாதிகள்மேல் உள்ள பாதிக் கோபம் போய்விடும் என்று நினைக்கிறேன்.

"கணினியிலே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தால் என்ன?" என்றும் சிலர் கேட்பதுண்டு. கணினியில் யார், எந்த நேரம், யாருடைய பதிவைத் திறந்தார் என்பதெல்லாம் பதிந்திருக்கும். நான் பராமரிக்காத ஒருவரின் பதிவைத் திறக்க எனக்கு உரிமை இல்லை. அவர் என் சொந்த அம்மாவாக இருந்தாலும் அப்படித்தான். வேலை போவது ஒருபுறம். 2018ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் இப்படி விபரம் எடுப்பது குற்றம். வழக்கும் வரலாம்.

ஆனால் நான் வாயை மூடியிருப்பதற்குச் சட்டம் பெரிய காரணம் அல்ல. தமிழ்த் தாதியைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளும் நம்மவர்கள் இருக்கிறார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், விளங்காவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வருத்தத்தைவிட ஊர்வாய்தான் பயம். மன அழுத்தம், குழந்தை கலைந்தது, மார்பிலே ஒரு கட்டி, வீட்டிலே அடி. இவற்றை வெள்ளைக்காரத் தாதியிடம் சொல்ல மொழி இல்லை, தமிழ்த் தாதியிடம் சொல்ல நம்பிக்கை இல்லை. அப்படியானால் அந்தப் பெண் எங்கே போவாள்? வீட்டிலேயே இருப்பாள். கட்டி வளரும். நான் கலியாணப் பேச்சிலே வாயை மூடியிருப்பது, என்றோ ஒருநாள் அந்தப் பெண் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இனி நம்முடைய ஜெபக் குறிப்புகளுக்கு வருகிறேன். கொஞ்சம் கடினமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட்ஸ்அப் ஜெபக் குழுவிலே ஒரு செய்தி வருகிறது. இன்ன சகோதரிக்கு இன்ன இடத்திலே புற்றுநோய், இன்ன திகதி சத்திரசிகிச்சை, இன்ன வைத்தியசாலை, ஜெபியுங்கள். பத்து நிமிடத்தில் அது ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் போய்விடுகிறது. அந்தச் சகோதரி தன் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லியிருக்க மாட்டா. மகன் பள்ளிக்கூடத்திலே இருக்கும்போது கனடாவிலிருந்து பெரியம்மா எடுத்து அழுகிறா. அனுப்பியவர் அன்போடுதான் அனுப்பினார். ஆனால் அந்தத் தாய் தன் வாயால், தன் வீட்டிலே, தன் பிள்ளையை அருகில் இருத்திச் சொல்ல வேண்டிய ஒன்றை அவவிடமிருந்து எடுத்துவிட்டோம். அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தைத் திறந்து பாருங்கள். ஐந்தாம் அதிகாரத்திலே யவீருவின் வீட்டில் கூட்டம் நிறைந்திருக்கிறது. ஆண்டவர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, தாய் தகப்பனையும் மூன்று சீஷரையும் மாத்திரம் பிள்ளை கிடந்த அறைக்குள் அழைத்துப் போகிறார். முடிந்தபின் இதை ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்கிறார். பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுக்கவும் சொல்கிறார். தாதியாகிய எனக்கு அந்தக் கடைசிச் சொல் மிகவும் பிடிக்கும். ஏழாம் அதிகாரத்திலே காது கேளாத மனிதரைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துச் சென்று குணமாக்குகிறார். பத்தாம் அதிகாரத்திலே பர்திமேயுவிடம், அவர் குருடர் என்று கண்ணுக்கு முன்னே தெரிந்தும், என்ன வேண்டும் என்று கேட்கிறார். நாம் கேட்பதே இல்லை. "உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லட்டுமா? என்ன சொல்லலாம்? யாருக்குச் சொல்லலாம்?" இந்த மூன்றையும் கேட்டுவிட்டு அனுப்பினால் போதும். "ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் எழுதினாலும் ஆண்டவருக்கு விலாசம் தெரியும்.

வேலையிடத்தில் ஜெபிக்கலாமா என்று வாலிபத் தாதிகள் கேட்கிறார்கள். 2008இல் இங்கிலாந்தில் வீடுகளுக்குச் சென்று பராமரித்த ஒரு தாதி, ஒரு முதியவரிடம் "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா" என்று கேட்டதற்காக இடைநிறுத்தப்பட்டார். 2009 பெப்ரவரியில் திரும்ப வரலாம் என்றார்கள். அந்தத் தண்டனை அதிகம் என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் நானாக முதலில் கேட்பதில்லை. மருந்தும் ஊசியும் என் கையில் இருக்கின்றன, அவர் கட்டிலில் கிடக்கிறார். அவரால் "வேண்டாம்" என்று இலகுவாகச் சொல்ல முடியுமா? அவராகக் கேட்டால் சந்தோஷமாக அருகில் இருப்பேன், வைத்தியசாலைப் போதகரையும் அழைப்பேன்.

அன்பளிப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாட்டுக்கு ஒரு பெட்டி இனிப்புக் கொண்டுவந்தால் எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவோம். சேலையும் காசு வைத்த கடிதஉறையும் வேண்டாம், தயவுசெய்து கோபிக்காதீர்கள். நோயாளியிடமோ அவருக்கு நெருங்கியவரிடமோ கடன் வாங்கவும் எங்களுக்குத் தடை உண்டு. நான் பராமரித்தவரின் வீட்டாரோடு சீட்டுப் பிடிப்பதையும் நான் தவிர்க்கிறேன். காசு கைமாறுகிற இடத்தில் மனம் நேராக இருக்காது.

நம் சபையிலே ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். பகல் பள்ளிக்கூடத்திலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் ஞாயிறு பாடசாலையிலும் கற்பிக்கிறீர்கள். இங்கிலாந்தில் 2012 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த ஆசிரியர் தரநிலைகளும் எல்லையைக் காக்கும்படி சொல்கின்றன. ஊரிலே ரீச்சர் வீட்டுக்கு வருவார், அம்மாவுக்கு எல்லாம் சொல்வார், காதைத் திருகுவார், தன் கையால் சோறும் போடுவார். அந்த அன்பை நானும் அனுபவித்தவள். ஆனால் "இவர்கள் எல்லாரும் நம்முடைய பிள்ளைகள்தானே" என்று சொல்லி, ஞாயிறு பாடசாலையில் மட்டும் ஒழுங்கு தேவையில்லை என்று நினைப்பது சரியல்ல. பிள்ளைக்குத் தனிப்பட்ட செய்தி அனுப்புவதை விட்டு, பெற்றோரும் இருக்கும் குழுவிலே அனுப்புங்கள். தனியே காரில் ஏற்றிச் செல்ல வேண்டாம். கதவு திறந்திருக்கட்டும். பள்ளி ஆசிரியர் தன் பொறுப்பில் உள்ள 18 வயதுக்குட்பட்டவரோடு தகாத உறவு கொள்வது, அந்தப் பிள்ளை சம்மதித்தாலும், 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2022 யூனிலிருந்து சமயம் கற்பிப்பவர்களையும் விளையாட்டுப் பயிற்றுநர்களையும் அந்தச் சட்டத்துக்குள் சேர்த்திருக்கிறார்கள். எனவே அது இந்த மண்டபத்துக்கும் உரியது. நல்ல ஆசிரியருக்கு இந்த ஒழுங்குகள் பாரமாக இருக்காது. வீண் சந்தேகத்திலிருந்து அவரையும் காப்பது இவைதான்.

பிள்ளைகளே, இனி உங்களுக்கு. இரண்டு விஷயம்.

ஒன்று, அம்மம்மாவையோ தாத்தாவையோ ஜி.பி.யிடம் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்கச் சொல்லி உங்களைக் கேட்பார்கள். உங்களுக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்பதால் கேட்கிறார்கள். அது உங்கள் வேலை அல்ல. அவசரமான நேரத்தைத் தவிர, 16 வயதுக்குட்பட்டவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று என்.எச்.எஸ். சொல்லியிருக்கிறது. தாத்தாவும் பேரப்பிள்ளை முன்னாலே வெட்கத்தில் பாதி உண்மையை விழுங்கிவிடுவார். நீங்கள் போனில் எடுத்து, "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று முன்கூட்டியே வரவேற்பாளரிடம் சொல்லுங்கள். காசு இல்லை. அந்த உதவி போதும்.

இரண்டாவது, பெரியவர் ஒருவர், அவர் யாராக இருந்தாலும் சரி, "இது நமக்குள்ளே இருக்கட்டும், அம்மாவிடம் சொல்லாதே" என்றால், அதை உடனே சொல்ல வேண்டும். என்னிடம் வந்து சொல்லலாம். ஆனால் நான் ஒருவரிடமும் சொல்ல மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். இதுவரை வாயை மூடுவதைப் பற்றியே பேசினாளே என்று யோசிக்கிறீர்களா? ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் தாதியும் ஆசிரியரும் உரியவரிடம் சொல்லியே ஆக வேண்டும். யாரிடம் சொல்லப்போகிறேன் என்று உங்களுக்கு முதலில் சொல்லிவிட்டே சொல்வேன். சபையில் ஒருவரிடமும் சொல்ல மனமில்லை என்றால் சைல்ட்லைன் இருக்கிறது. 1986இலிருந்து இருக்கிறது. எண் 0800 1111, அழைப்புக்குக் காசு இல்லை. இந்த எண்ணைப் பெரியவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஆராதனை முடிந்து தேநீரும் ரோல்ஸும் கையில் இருக்கும்போது இரத்தப் பரிசோதனைக் கடிதத்தை நீட்டுகிறவர்களுக்கு. கடிதத்தில் உள்ள ஆங்கிலத்தை வாசித்து விளங்கப்படுத்துவேன், ஆனால் ஒரு மூலையில், மற்றவர் காதில் விழாமல். டொக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதித் தருவேன். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ சொல்ல மாட்டேன், உங்கள் பதிவு என் முன்னால் இல்லை. 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இங்கிலாந்தில் பல மருந்தகங்களில் இரத்த அழுத்தத்தை இலவசமாகப் பார்க்கிறார்கள், போய்ப் பாருங்கள். இரவில் பயம் வந்தால் 111ஐ அழையுங்கள், அங்கேயும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். நெஞ்சு வலி என்றால் எனக்கு எடுக்க வேண்டாம், 999க்கு எடுங்கள். அதன்பிறகு எனக்கு எடுங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நான் வருவேன்.