பனிக்குளிரில் வேர்க்கிறதா?



டிக்கோயா பனிக்குளிரில் பஸ்ஸோ கொழுந்து லொறியோ ஓட்டுகிறவருக்குத் திடீரென வேர்க்கிறது. கை நடுங்குகிறது. அவர் சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவரா? அப்படியென்றால் இரத்தத்தில் சீனி குறைகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் மருந்தைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் கிளம்புகிறோம். ஹட்டனிலிருந்து நோர்வூட், பொகவந்தலாவை வரை வளைவுக்கு மேல் வளைவு. சீனி குறைந்தால் கண் மங்கும், புத்தி தடுமாறும். பிரேக் நன்றாக இருந்து என்ன பயன்?

உடனே ஓரமாக நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள். சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸோ சீனியோ இருக்கட்டும். அதை வாயில் போடுங்கள். பிறகு ஒரு ரொட்டி. நடுக்கம் நின்றதும் கிளம்பிவிடாதீர்கள். மூளை தெளிய முக்கால் மணி நேரமாவது வேண்டும். மருந்து போட்டால் சாப்பிடாமல் ஓட்டாதீர்கள்.

லைசன்ஸுக்காக தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மெடிக்கல் எடுக்கும்போது வருத்தத்தை மறைக்காதீர்கள். பிழைப்புப் போய்விடுமே என்ற பயம் நியாயமானதுதான். அந்த லைசன்ஸில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது. ஆனால் மறைத்தால் சான்றிதழ் கிடைக்கலாம், சீனி குறைவது நிற்காது. கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். கிளங்கன் ஆஸ்பத்திரி டொக்டரிடமும், "நான் சாரதி, சாப்பாட்டு நேரம் தவறும்" என்று சொல்லுங்கள். அதற்கேற்ற மருந்தை அவர் பார்த்துத் தருவார்.