நம் காலால் ஒரு நடை



நினைவுநாளில் உரை கேட்டுவிட்டுக் கலைவது நம் வழக்கம். இந்த முறை உங்களை நடக்கக் கூப்பிடுகிறேன்.

சென்னையில் இப்போது ‘பாரம்பரிய நடை’ பரவலாகிவிட்டது. வழிகாட்டிகூடத் தேவையில்லை, கைபேசியில் வரைபடத்தைத் திறந்துகொண்டு தனியாகவே நடக்கலாம். போன மாதம் நானும் அப்படிப் பாரிமுனையில் நடந்தேன். டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் 1773ஆம் ஆண்டின் எல்லைக்கல் நிற்கிறது. கோட்டைக்கு எதிரே வெட்டவெளி வேண்டும் என்று பழைய கறுப்பர் நகரத்தை இடித்த கம்பெனி, இதற்கு இப்பால் யாரும் வீடு கட்டக் கூடாது என்று நட்ட கல் அது. இடிபட்ட ஊர் இருந்த இடத்தில் இன்று உயர்நீதிமன்றம் இருக்கிறது. கல்லைப் பற்றி என் கைபேசி சொன்னது; வீடிழந்தவர்களைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை.

நம் நடைக்கு நாமே வரைபடம் போட வேண்டும். ராயப்பேட்டையில் நில்லுங்கள்: 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய இடம். பெசன்ட் நகர் ஆல்காட் பள்ளியில் நில்லுங்கள்: 1894இல் நம் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய இலவசப் பள்ளி அது.

புளியந்தோப்பில் கூடுதல் நேரம் நில்லுங்கள். 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது, நம்மவர் பலர் வேலைக்குத் திரும்பியதையொட்டி மோதல் மூண்டது, குடிசைகள் எரிந்தன. அவர்கள் ஏன் திரும்பினார்கள்? தொழிற்சங்கத்தில் அவர்களுக்கு என்ன இடம் இருந்தது? இந்தக் கேள்விகளை அந்தத் தெருவில் நின்று கேட்க வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். நம் தெரு காட்சிசாலை அல்ல. கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆயாவிடம் முதலில் பேசுங்கள். அவர் சொல்லும் பெயர்தான் அந்த இடத்தின் பெயர்.

கடைசி நிறுத்தத்துக்கு நடந்து போக முடியாது, பேருந்து பிடிக்க வேண்டும். கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் பல இன்று கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வாழ்கின்றன. அன்று இடித்த இடத்தில் கல்லாவது நட்டார்கள். இன்று அதுவும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, அங்குள்ள ஒரு குடும்பத்திடம் பழைய தெருவின் பெயரைக் கேட்டு எழுதி வாருங்கள். நம் வரைபடத்தை அங்கிருந்து தொடங்குவோம்.

ஜெய் பீம்.