குகையும் விளக்கும்

கணினித் திரையில் ஆடும் ஆட்டத்தைப்பற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் பேசுவதா என்று நீங்கள் வியக்கலாம். என் பிள்ளைப் பருவத்தில் அத்தகைய ஆட்டம் எங்கள் ஊரில் இல்லை. ஆசிரியனாக இருந்த நாளில் என் மாணவர்களே அதனை எனக்கு அறிமுகம் செய்தனர். 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் ஆட்டத்தில் குழாய்க்குள் இறங்கி, நிலத்தடியில் மறைந்துள்ள நாணயங்களைக் கண்ட கதையைக் கண்கள் ஒளிரச் சொல்வார்கள். 1985-இல் வெளிவந்த அவ்வாட்டத்தைப் படைத்தவர் யார் என்று தேடினேன்.

அவர் ஷிகெரு மியாமோட்டோ. 1952-இல் ஜப்பானில், கியோட்டோவை அடுத்த சோனோபே என்னும் ஊரில் பிறந்தவர். சிறுவராக இருந்தபோது காடுமேடெல்லாம் சுற்றியலைந்தார். ஒருநாள் குகை ஒன்றின் வாயிலைக் கண்டார். பின்னர் விளக்கேந்தி அதனுள் நுழைந்தார். அன்று அடைந்த அச்சமும் வியப்புமே 1986-இல் அவர் படைத்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' என்னும் ஆட்டத்திற்கு வித்தாயின. அதன் வீரனிடம் தொடக்கத்தில் வாள் இல்லை. எதிரே ஒரு குகை. உள்ளே சென்றால் முதியவர் ஒருவர் வாள் தருகிறார்.

ஆட வேண்டா என்று நான் கூறேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆட்டத்தின் குகையில் உங்களுக்கெனப் பரிசை ஒருவர் முன்னரே ஒளித்துவைத்திருக்கிறார். சோனோபே குகையில் அச்சிறுவனுக்காக எவரும் எதையும் வைத்திருக்கவில்லை. அங்கிருந்தே அவர் பிறருக்கு வழங்கும் செல்வத்தைக் கொண்டுவந்தார். உங்கள் ஊர்க் குன்றையும் ஓடையையும் பெரியோர் துணையுடன் சென்று காணுங்கள்.